மடக்கல், நீட்டல், முதுகுக்குப் பின்னால் ஒரு கூடை

எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. என் கணவர் அதை வியாதி என்பார். யாராவது கையைக் காலை அசைத்தால் அந்த அசைவின் பெயர் என் மண்டைக்குள் தானாக ஓடும். நெடுங்கேணி பஸ்ஸில் கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கூரையைத் தட்டினால், மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்க ஆயத்தப்படுவார்கள். நானோ ‘தோள் அகற்றல், முழங்கை நீட்டல்’ என்று அவருடைய கையை ரசித்துக்கொண்டிருந்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவேன். இது அடிக்கடி நடக்கும்.

நான் ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர். ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘எக்சசைஸ் மிஸ்’ என்று கேட்டால்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். படித்தது ஆங்கிலத்தில், வேலை செய்வது தமிழில். உழவு மெஷினிலிருந்து விழுந்து கை முறிந்து வந்தவரிடம் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். ஆகவே எங்கள் பிரிவில் எல்லோருமாக, தேத்தண்ணி குடிக்கும் நேரங்களில், எங்களுக்கென்று கொஞ்சம் சொற்களைச் செய்துகொண்டோம். மூட்டு மடங்கினால் மடக்கல், நிமிர்ந்தால் நீட்டல். கை உடம்பைவிட்டுப் பக்கவாட்டில் விலகினால் அகற்றல், திரும்பி வந்து உடம்போடு சேர்ந்தால் அணைத்தல். தன் அச்சிலேயே திரும்பினால் சுழற்றல். உள்ளங்கை நிலத்தைப் பார்த்தால் கவிழ்த்தல், வானத்தைப் பார்த்தால் மலர்த்தல். இந்தக் கடைசிச் சொல் எனக்குத்தான் தோன்றியது. அந்தச் சந்தோசத்தில் அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் மலர்த்துகிறார்கள். சந்தையில் கத்தரிக்காயைத் தட்டில் கொட்டுகிறவர் கவிழ்க்கிறார். சோறு சாப்பிடுவதைச் சொல்லப் போனால் அது ஒரு பெரிய வித்தை. விரல்கள் மடங்கிச் சோற்றைத் திரட்ட வேண்டும், பெருவிரல் மற்ற நான்கையும் எதிர்கொள்ள வேண்டும், முழங்கை மடங்க, முன்கை மலர, கழுத்து கொஞ்சம் குனிய, கடைசியில் பெருவிரல் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். இவ்வளவும் ஒரு வாய்க்கு. கலியாணமான புதிதில் என் கணவர் சாப்பிடும்போது நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். காதல் என்று அவர் நினைத்திருந்தார். காரணம் தெரிந்த பிறகு, “இஞ்சை பாரும், மீன் குழம்பு ஆறுது. என்ரை கையைப் பாத்தது காணும், நீரும் சாப்பிடும்” என்று தட்டை என் பக்கம் தள்ளத் தொடங்கினார்.

அவருடைய வீட்டார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து கிளிநொச்சிப் பக்கம் நெல் விதைக்க வந்தவர். எங்கள் கலியாணப் பேச்சு வந்தபோது என் வீட்டில் எல்லோரும் ‘தேயிலைத் தோட்டத்து ஆக்களோ’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் மாமி, அதாவது என் கணவரின் அம்மா, கோழிக் குழம்பு வைத்து ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்தார். என் அம்மாவின் முகம் அன்று பின்னேரமே இறங்கிவிட்டது.

மாமிக்குச் சின்ன உடம்பு, பெரிய குரல். நெடுங்கேணிக்கு அப்பால், காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பில் கச்சான் கடலை பிடுங்கும் காலம் வந்தால் பெண்கள் சம்பளம் இல்லாமல் மாறி மாறி ஒருவர் தோட்டத்தில் மற்றவர் வேலை செய்வார்கள். யார் தோட்டம் முதலில், யார் தோட்டம் பிறகு என்று தீர்மானிப்பவர் மாமிதான். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அவருடைய கொண்டை. இடுப்பைத் தாண்டிய தலைமயிர். குளித்துவிட்டு வந்து, யாரோடோ கதைத்துக்கொண்டே, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோவார். ஒரு திருகு, ஒரு செருகு, முடிந்தது. தோள் உயர்ந்து, அகன்று, வெளிப்பக்கம் சுழன்று, முழங்கை முழுதாக மடங்கி, விரல்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்யும் அசைவு அது. நான் படித்த புத்தகத்தில் அரைவாசி அந்தத் திருகுக்குள் இருந்தது.

போன வருடம் மாரி மழை தொடங்கும் முன், கிணற்றடிப் பாசியில் மாமி வழுக்கி விழுந்தார். வலது மேற்கை எலும்பு, தோளுக்குக் கிட்ட, முறிந்தது. கையைக் கழுத்திலிருந்து துணியால் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு ஒழுங்காகப் பொருந்திவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. தோள் அதை நம்பவில்லை. கட்டை அவிழ்த்த பிறகும் கை விலாவோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. கொஞ்சம் அகலும், தோள் மட்டத்துக்கு வருவதற்குள் நின்றுவிடும்.

கொண்டை போடும் வேலை என் தலையில் விழுந்தது. காலையில் அவரைக் கதிரையில் இருத்திச் சீவி முடிவேன். எவ்வளவு இறுக்கினாலும் மதியத்துக்குள் சரிந்துவிடும்.

“இது என்னா புள்ள, கொண்டையா குருவிக் கூடா?” என்பார்.

“அப்ப கையைத் தூக்கி நீங்களே போடுங்கோவன், மாமி” என்பேன். எனக்குப் பொறுமை ஆஸ்பத்திரியில் செலவாகிவிடும். வீட்டுக்கு வரும்போது மிச்சம் அதிகம் இருக்காது.

சுவரில் விரல்களால் மேலே ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. நோயாளி சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, சிலந்தி ஏறுவதுபோல் விரல்களை நகர்த்தி, நாளுக்கு நாள் கொஞ்சம் உயரம் கூட்ட வேண்டும். மாமி குசினிச் சுவரைத் தெரிவுசெய்தார். மஞ்சள் பட்ட விரல்களால் ஏறினார். எங்கள் வெள்ளைச் சுவரில் அவருடைய நெஞ்சு உயரத்தில் ஒரு மஞ்சள் கூட்டம் சேர்ந்தது. அதற்கு மேலே சுவர் வெள்ளையாகவே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்: “அம்மா, அடுத்த கிளினிக் வரைக்கும் பாப்பம். கை தோளுக்கு மேலை போகாட்டி மயக்கம் குடுத்து நாங்கள் அசைச்சு விடவேண்டி வரும்.”

அது ஒன்றும் பயங்கரமான காரியம் இல்லை. அப்படிச் செய்த எத்தனையோ பேருக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மாமி கேட்கவேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “நான் முழிச்சிக்கிட்டு இருக்கையிலயே இந்த வீடு இந்தக் கோலத்துல கெடக்கு. நான் மயங்கிட்டா என்னா ஆகும்?” என்றார். நாங்கள் சிரித்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குசினியில் நானும் அவரும் தனியே இருந்தபோது வேறு குரலில் சொன்னார்: “மயக்கத்துல போட்டும் கை வரலேன்னா நான் ஒங்களுக்குப் பாரம்தானே புள்ள. கச்சான் புடுங்க ஒருத்தி கூப்பிடுவாளா என்னைய?”

இந்த மனுசியின் பெரிய குரல் எல்லாம் அந்தக் கைகளிலிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எப்படியாவது அந்தக் கையை மேலே கொண்டுபோய்விட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமி பாயில் நித்திரையாகக் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய வலது கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். தோள் மட்டம் வந்தது, தாண்டியது, காதுப் பக்கம் போனது. அங்கேதான் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தது. அவர் விழித்தார், தன் கையைப் பார்த்தார், “ஆத்தாடி!” என்று அதை விலாவோடு சேர்த்துக்கொண்டார். மூட்டு இறுகியது கொஞ்சம்தான். மீதி முழுவதும் பயம். தன் கை உயர்வதைக் கண்டால் போதும், மாமி அதை நிறுத்திவிடுவார். இதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “நோவுறது ஒனக்கா எனக்கா?” என்று கேட்டார்.

மாசியில் கச்சான் பிடுங்கத் தொடங்கினார்கள். முதலில் எங்கள் தோட்டம். நான் லீவு போட்டேன். ஆண்கள் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து பாலை மரத்து நிழலில் குவிக்க, பெண்கள் சுற்றியிருந்து காய்களைச் செடியிலிருந்து ஆய்ந்து எடுத்தார்கள். மாமியை வீட்டில் நிறுத்த முடியவில்லை. சரி என்று ஒரு சாக்கை விரித்து இருத்தி, “கையை உடம்போடை அணைச்சு வைச்சு ஆயுங்கோ, எட்டி எறியாதேங்கோ” என்று சொல்லி, கூடையை அவருடைய மடிக்கு முன்னால் வைத்தேன். எங்கள் அம்மா வீட்டில் அப்படித்தான் வைப்போம். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஆய்வோம்.

இந்தக் குடியிருப்புப் பெண்கள் அப்படியில்லை. இவர்களுடைய கூடை முதுகுக்குப் பின்னால் இருக்கும். பெட்டைகளாக இருந்தபோது தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்கவிட்டு, தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தவர்கள். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கச்சான் நிலத்துக்குக் கீழே காய்ப்பது, இவர்கள் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கிறார்கள், ஆனாலும் கூடை பின்னால்தான். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் ஓர் எறி. திரும்பிப் பார்ப்பதே இல்லை. கொஞ்சம் வெளியே சிந்தும், பின்னேரம் பொறுக்கிக்கொள்வார்கள். கலியாணமாகி வந்த முதல் வருடம் இதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு மாமிக்கு எதிரே இருந்தவர் அவருடைய கூட்டாளி. ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை, ஒன்றாக வந்தவர்கள். பக்கத்து வளவுக்காரர், நான் பெரியம்மா என்பேன். இரண்டு பேருக்கும் ஒரு தீராத வழக்கு உண்டு. மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கு ரயிலில் வந்தபோது முதலில் அழுதது யார் என்பதுதான் அது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன், ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

“நீதான்டி அழுதே” என்றார் பெரியம்மா. “மூக்கச் சிந்தி என் சீலையில தொடச்சே.”

“நானா? ஒன் மூக்குத்தான் ஒழுகிச்சி! சுரங்கத்துக்குள்ள ரயிலு போவையில ஊளையிட்டது யாரு?”

நான் மாமிக்குப் பின்னால் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ‘யாரு’ என்ற சொல்லோடு ஒரு பிடி கச்சான் வந்து என் தலையில் விழுந்தது. இரண்டு காய் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போயிற்று.

எறிந்தது வலது கை. மாமியின் வலது கை, தோளுக்கு மேலால், முன்னால் நான் வைத்த கூடையை மதிக்காமல்.

பெண்கள் எல்லோருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது. மாமி ஒன்றும் அறியவில்லை. அவருடைய கண் முழுவதும் பெரியம்மாவின் மேல் இருந்தது. நான் வாயில் விரல் வைத்து, சொல்லவேண்டாம் என்று எல்லோருக்கும் கண்காட்டினேன். கோப்பையை வைத்துவிட்டு, தவழ்ந்து போய் முன்னால் இருந்த கூடையை மெல்ல இழுத்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெரியம்மா நல்ல கெட்டிக்காரி. என் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டு, விறகை அடுப்புக்குள் தள்ளுவதுபோல் வழக்கை இன்னும் தள்ளினார்.

“சுரங்கத்துல இல்லடி, ஸ்டேசன்லயே நீ அழுதிட்டே. ஒன் அப்பா பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தாரு.”

“அடிப் பொய்க்காரி!”

ஓர் எறி. கோபம் ஏற ஏறக் கையும் ஏறியது. தோள் உயர்ந்தது, அகன்றது, வெளிப்பக்கம் சுழன்றது. முழங்கை மடங்கி, முன்கை திரும்பி, விரல்கள் விரிந்தன. மனதுக்குள் பெயர்களைச் சொல்லிச் சொல்லி என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழும்பித் துள்ள வேண்டும்போல் இருந்தது. நான் பின்னால் முழங்காலில் நின்று, ஒவ்வொரு எறிக்கும் கூடையைக் கொஞ்சம் தள்ளி, பிறகு ஒரு பெட்டியின் மேல் ஏற்றி வைத்து, சிந்தியதைப் பொறுக்கிப் போட்டேன். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து ஆய்ந்தார்கள். என் கணவர் ஒரு கட்டுச் செடியோடு வந்து, அம்மாவின் கையைக் கண்டு, அந்தக் கட்டைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். கத்தவும் முடியாமல் நொண்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் மாமி, “இன்னிக்கி தோளு ஒரு மாதிரி வலிக்குது. நீ ஒண்ணும் செய்யவுமில்ல” என்றார்.

“வெய்யில் பட்டதாக்கும்” என்றேன்.

கச்சான் முடியும் வரை இந்தக் களவு தொடர்ந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பெரியம்மா எதிரே இருப்பார், ரயில் புறப்படும், கை ஏறும். ஆனால் வீட்டுக்கு வந்து குசினிச் சுவரில் விரல் வைத்தால் அதே நெஞ்சு உயரம், அதே மஞ்சள் கூட்டம். தன் கையைப் பார்த்துக்கொண்டு தூக்கச் சொன்னால் அது வேறு கை ஆகிவிடும். சொல்லிவிடலாமா என்று பல தடவை வாயெடுத்தேன். சொன்னால் எறிவதும் நின்றுவிடுமோ என்று பயம். கிளினிக் நாள் நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்தது.

அன்று காலை வழக்கம்போல் குருவிக் கூடு ஒன்று கட்டிவிட்டேன். துணைக்குப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் மாமியைக் கதிரையில் இருத்தி, “எங்கை அம்மா, தூக்குங்கோ பாப்பம்” என்றார்.

மாமி தன் வலது கையைப் பார்த்தார். கை விலாவை விட்டுப் புறப்பட்டது, நெஞ்சு உயரத்துக்கு வந்தது, நின்றது. என்னைப் பார்த்தார். டொக்டர் பேனையை எடுத்தார். ‘மேலே போகும் டொக்டர், நான் என் கண்ணால் கண்டேன்’ என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் வாசலில் நின்ற பெரியம்மாவின் குரல் வந்தது.

“பாருங்க டொக்டரய்யா, ரயில்ல மொதல்ல அழுதவ இவதான். இப்பவும் அழப் போறா.”

“மாரியாத்தா!” என்றார் மாமி. கூரையைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார். “நீயே கேளு தாயி, நானா அழுதேன்?”

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

“அம்மா, கையை இறக்காதேங்கோ. அப்பிடியே வைச்சுக்கொண்டு மேலை பாருங்கோ.”

மாமி பார்த்தார். தன் இரண்டு கையும் ஒன்றாகத் தலைக்கு மேலே நிற்பதைக் கண்டார். வலது கை கீழே விழவில்லை. மெல்ல இறக்கினார். பிறகு, வலது கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், யாரும் கேட்காமலே, அதை மட்டும் மறுபடியும் தூக்கினார். நெஞ்சு, தோள், காது, அதற்கும் மேலே. டொக்டர் சிரித்துவிட்டு, மயக்கம் தேவையில்லை, பயிற்சியை விடவேண்டாம் என்று சொன்னார். நான் என் சக ஊழியர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல் விக்கி விக்கி அழுதேன்.

வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்ததும் மாமி செய்த முதல் வேலை, நான் காலையில் போட்ட கொண்டையை இழுத்து அவிழ்த்ததுதான். மயிர் முதுகெல்லாம் கொட்டியது. இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போயின. பாதியில் ஒருமுறை பல்லைக் கடித்தார். ஒரு திருகு, ஒரு செருகு.

“கை நோவக்கூட பொறுத்துக்கிட்டேன் புள்ள. ஒன் கொண்டையத்தான் பொறுக்க முடியல” என்றார்.

பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பினார்.

“ஆமாடி” என்றார். “ரயில்ல மொதல்ல அழுதவ நான்தான். போதுமா?”

பெரியம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “தெரியும்டி. ஒன்னையப் பாத்துத்தான் நான் அழுதேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். நான் பின் சீட்டில் இருந்து அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் கூரையைத் தட்டியது மூன்று பேருக்கும் கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.